துணியைக் குறுக்கே திருப்பிய தையல்காரி.. ஃபேஷன் உலகம் மறக்க முடியாத 45 டிகிரி! யார் இந்த மேட்லின் வியோனே?

கையில் ஒரு பருத்திக் கைக்குட்டை இருக்கிறதா? எடுங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள். பெரிதாக அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். அதே கைக்குட்டைதான்.. ஆனால் ரப்பர் மாதிரி நீளும். நடுப்பகுதி இடுப்பு போல ஒடுங்கும். கையை விட்டால் கிட்டத்தட்ட பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இந்தச் சின்ன விஷயத்தை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரு பெண்மணி, 100 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸில் பெண்களின் உடையையே வேறு மாதிரி ஆக்கினார். அவர் பெயர் மேட்லின் வியோனே. நம்ம ஊர் டெய்லர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்கிறார்களே, ஃபேஷன் டிசைனர்கள் பயாஸ் கட் என்கிறார்களே, அதற்கு ராணி என்று இவரைத்தான் குறிப்பிடுவார்கள். கோகோ ஷனெல் பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாது. ஆனால் கத்தரியும் ஊசியும் பிடித்தவர்களிடம் கேட்டால், பட்டியலில் முதலில் வருவது பெரும்பாலும் வியோனேதான்.

பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தையல்

1876 ஜூன் 22. பிரான்ஸில் ஷில்லர்-ஓ-புவா என்ற சிற்றூரில் பிறந்தார் வியோனே. வசதியான குடும்பம் இல்லை. பெற்றோர் பிரிந்துவிட, பாரிஸை ஒட்டிய ஓபர்வில்லியேவில் அப்பாவிடம் வளர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரி, அதிலும் கணக்கில் சுட்டி. ஆனாலும் 11, 12 வயதில் படிப்பு நின்றது. ஒரு தையல்கூடத்தில் வேலை பழகப் போனார்.

அந்தக் காலத் தையல்கூடங்களில் சின்னப் பிள்ளைகள் சாய்மானம் இல்லாத முக்காலியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து தைக்க வேண்டும். முதுகு ஒடியும். இந்த முக்காலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இளம்வயதிலேயே கல்யாணம். ஒரு பெண் குழந்தை பிறந்து, சிறிய வயதிலேயே இறந்துபோனது. அந்தத் திருமணமும் முறிந்தது. 20 வயதை எட்டும் முன்பே ஒரு பெண்ணுக்கு இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

அதன்பிறகு அவர் லண்டனுக்குக் கிளம்பினார். முதலில் ஒரு மருத்துவமனையில் துணி தைக்கும் வேலை. பிறகு கேட் ரெய்லி என்பவரின் உடைக்கடை. பாரிஸில் வரும் புது மாடல்களை அங்கே பிரதி எடுத்து, லண்டன் சீமாட்டிகளுக்குத் தைத்துக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் காப்பியடிப்பவர்களை விரட்டி விரட்டிப் பிடித்தவர், தொழில் கற்ற இடங்களில் ஒன்று காப்பியடிக்கும் கடை!

கோர்செட்டுக்கு எதிராக ஒரு கலகம்

1900 வாக்கில் பாரிஸ் திரும்பி, கல்லோ சகோதரிகள் நடத்திய புகழ்பெற்ற உடை நிறுவனத்தில் சேர்ந்தார். சகோதரிகளில் மூத்தவரான மேடம் ஜெர்பே படம் வரைந்து டிசைன் செய்பவர் அல்ல. துணியை நேரடியாக ஒரு பெண்ணின் உடம்பின் மீது போர்த்தி, பின் குத்தி, அங்கேயே உடையை உருவாக்குவார். அந்த யோசனையை வெள்ளை மாதிரித் துணியில் வெட்டித் தைத்துக் காட்டுவது வியோனேவின் வேலை. தனக்குக் கிடைத்த உண்மையான பள்ளிக்கூடம் இதுதான் என்று கடைசிவரை நன்றியோடு நினைத்தவர் அவர்.

1907-ல் ழாக் தூசே என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறினார். அங்கேதான் வெடித்தது பிரச்னை.

அப்போது பெண்கள் உடைக்குள்ளே கோர்செட் அணிவார்கள். எலும்பு, இரும்புப் பட்டைகள் வைத்துத் தைத்து, பின்னால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டும் உள்கச்சை அது. மூச்சுவிடக்கூட சிரமம். இடுப்பு ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்தப் பாடு. வியோனே தன் மாடல்களைக் கோர்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடந்து வரச் சொன்னார். கடையின் விற்பனைப் பெண்களுக்கே அதிர்ச்சி. இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு எப்படிக் காட்டுவது என்று முகம் சுளித்து, அவர் உடைகளை ஓரங்கட்டினார்கள்.

கோர்செட்டை ஒழித்தது யார் என்று கேட்டால் பால் புவாரே என்றுதான் பல புத்தகங்களில் இருக்கும். அவரும் அதே காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோர்செட்டைக் கழற்றுவது சுலபம். கழற்றிய பிறகு உடம்பில் துணி எப்படி நிற்கும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்குத் துணிக்குள்ளேயே பதில் தேடியவர் வியோனே.

சரி, பயாஸ் என்றால் என்ன?

நெய்த துணி எதுவாக இருந்தாலும் அதில் இரண்டு வகை நூல் இருக்கும். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடும் பாவுமாக என்று பேச்சில் சொல்கிறோமே, அதே ஊடும் பாவும்தான். பாவு நூல் தறியில் இறுக்கி இழுத்துக் கட்டப்பட்டது. அதனால் துணி நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஊடை வாக்கில் கொஞ்சூண்டு கொடுக்கும்.

இந்த இரண்டுக்கும் சரியாக நடுவில், 45 டிகிரி கோணத்தில் ஒரு கோடு போட்டால் அதுதான் முழு பயாஸ். அந்தத் திசையில் நூலே கிடையாது. அங்கே இழுத்தால் நூல் நீள்வதில்லை. நூல்களுக்கு இடையே உள்ள குட்டிக் குட்டிச் சதுரக் கட்டங்கள் சாய்ந்து வைர வடிவமாகின்றன. கடை வாசலில் இருக்கும் மடக்கு இரும்பு கேட்டை இழுத்து மூடும்போது கட்டங்கள் எப்படி விரிந்து சுருங்குகின்றனவோ, அதே கதை. ஒரு பக்கம் நீண்டால் மறுபக்கம் ஒடுங்கும். கைக்குட்டையில் இடுப்பு விழுந்ததன் ரகசியம் இதுதான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. ப்ளவுஸ் கழுத்துக்கு பைப்பிங் வைக்கும்போது டெய்லர் துணியைக் குறுக்கே கோணலாக வெட்டிப் பட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர்த் துணியில் பட்டி எடுத்தால் வளைவில் சுருக்கம் விழும். கிராஸ் பட்டி வளைவோடு வளைந்து படியும். கிராஸ் கட்டிங் ப்ளவுஸ் நெஞ்சுப் பகுதியில் கச்சிதமாக உட்காருவதற்கும், அதற்குத் துணி கூடுதலாகத் தேவைப்படுவதற்கும் காரணம் ஒன்றே.

ஐரோப்பாவிலும் பயாஸ் பழைய சங்கதிதான். பின்னலாடை பரவாத காலத்தில், காலோடு ஒட்டும் நீளக் காலுறையை நெய்த துணியில் குறுக்காக வெட்டித்தான் தைத்தார்கள். காலர், ஓரப்பட்டி, பாவாடையின் ஒரு பகுதி என்று அங்கங்கே பயன்பட்டது. வியோனே பயாஸைக் கண்டுபிடிக்கவில்லை. ஓரத்தில் கிடந்ததை எடுத்து, கழுத்திலிருந்து கால்வரை முழு உடையாக்கினார். அப்படிச் செய்தபோது கோர்செட்டின் வேலையைத் துணியே செய்யத் தொடங்கியது, மூச்சை அடைக்காமல்! மார்பில் விரிந்து, இடுப்பில் தானாக ஒடுங்கி, நடந்தால் கூடவே நகர்ந்தது.

முதல் கடை.. முதல் போர்

1912-ல் பாரிஸ் ரிவோலி தெருவில் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார் வியோனே. இரண்டே வருடத்தில் முதல் உலகப் போர். கடையை மூடிவிட்டு ரோமுக்குப் போனார். போர் முடியும் தறுவாயில், 1918-ல் மீண்டும் திறந்தார். அதன்பிறகு வந்த 20 வருடங்கள்தான் அவருடைய காலம்.

பொம்மைக்குச் சட்டை தைத்தவர்

வியோனே காகிதத்தில் டிசைன் வரைவதில்லை. அவர் மேஜையில் சுமார் 80 செ.மீ. உயரத்தில், கை கால் மடங்கும் ஒரு மரப்பொம்மை இருக்கும். அதை பியானோ ஸ்டூல் மேல் நிற்க வைத்து, சுற்றிச் சுற்றித் திருப்பி, மெல்லிய துணியைப் போர்த்திப் பின் குத்துவார். எங்கே விழுகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்ப்பார். சரியாக வந்ததும் அதை ஆள் அளவுக்குப் பெரிதாக்குவார்கள்.

விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் பயாஸுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நேர்வாக்கில் வெட்டிய துணி எப்படி நிற்கும் என்பதைப் படம் போட்டே ஓரளவு ஊகிக்கலாம். பயாஸ் துணி தன் எடையாலேயே நீளும், திருகும், ஓரிடத்தில் தொட்டால் இன்னோரிடத்தில் அசையும். எழுத்தில் பிடிபடாது, கைக்குத்தான் பிடிபடும்.

நான்கு சதுரம்.. ஒரு உடை

1918-20 காலகட்டத்தில் அவர் செய்த ஒரு உடையைப் பற்றி இன்றைக்கும் ஃபேஷன் வகுப்புகளில் பாடம் எடுக்கிறார்கள். மொத்தம் நான்கு சதுரத் துணிகள். அவ்வளவுதான். வளைவான வெட்டு இல்லை, இடுப்புக்கு டார்ட் இல்லை. சதுரத்தை ஓரத்தில் பிடித்துத் தொங்கவிடாமல், மூலையில் பிடித்துத் தொங்கவிட்டார். கீழே நான்கு முனைகளும் கைக்குட்டை நுனி மாதிரி ஆடும்.

இதில் ஒளிந்திருக்கும் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பயாஸில் தைப்பவர்களின் பெரிய தலைவலி தையல்தான். குறுக்கே வெட்டிய இரண்டு ஓரங்களை இணைக்கும்போது துணி நீண்டுகொண்டே போகும், நூல் நீளாது. விளைவு? தையல் சுருங்கும், இல்லையென்றால் பட்டென்று விடும். வியோனே என்ன செய்தார்? துணியை நேராகவே சதுரமாக வெட்டினார். ஆகவே அதன் ஓரங்கள் நேர் இழையில் இருக்கும், நீளாது, நிம்மதியாகத் தைக்கலாம். தைத்து முடித்து மூலையில் தொங்கவிட்டதும், உடம்பின் மேல் விழும் பகுதி முழுக்க பயாஸ் ஆகிவிடுகிறது! தையல் கோடு உடம்பில் சாய்வாகப் போகிறது, ஆனால் துணிக்கு அது நேர்க்கோடு. நோயும் இல்லை, மருந்தும் தேவையில்லை.

சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டத்தின் ஒரு துண்டு.. இப்படி எளிய வடிவங்களிலிருந்தே அவர் பெரும்பாலும் தொடங்கினார். ஃபேஷனின் யூக்ளிட் என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. ஜப்பானிய கிமோனோ, பழைய கிரேக்கச் சிலைகளில் வழிந்தோடும் உடை.. இரண்டையும் அவர் உற்றுப் பார்த்தவர். வெட்டாத துணியை உடம்பில் சுற்றி அழகு பார்த்த நாகரிகங்கள் அவை.

பல உடைகளில் பட்டனே கிடையாது, கொக்கியும் கிடையாது. தலைவழியாகப் போட்டால் துணி நீண்டு உடம்பை உள்ளே விடும், பிறகு தானாக ஒடுங்கிப் படியும். சிலவற்றை முடிச்சுப் போட வேண்டும், சிலவற்றைத் திருகிக் கட்ட வேண்டும். ஹேங்கரில் தொங்கும்போது கந்தல் மாதிரி இருக்கும். வாங்கிக்கொண்டு போன பணக்காரப் பெண்கள் வீட்டில் அதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் முழித்த கதைகளும் உண்டு.

தைத்துப் பார்க்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

துணியை இரண்டாக மடித்து வெட்டாதீர்கள். அடி மடிப்பு நழுவும், இரண்டு துண்டும் இரண்டு அளவில் வரும். ஒற்றை மடிப்பாக விரித்து, கோணம் சரியாக 45 டிகிரி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து வெட்டுவதுதான் பாதுகாப்பு. கழுத்து, தோள் மாதிரி நீளக்கூடாத இடங்களில் முதலிலேயே ஒரு நேர்ப்பட்டி வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். மெஷினில் லேசான ஜிக்ஜாக் போட்டால் தையலும் துணியோடு சேர்ந்து நீளும். வழுக்கும் துணி என்றால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவசரப்பட்டு அடி மடிக்காமல் இருப்பது. தைத்ததைக் குறைந்தது ஒரு நாள் தொங்கவிட வேண்டும். பயாஸில் இருக்கும் பகுதி தன் எடைக்குக் கீழே இறங்கும். அம்ப்ரெல்லா கட் பாவாடை புதுசாக இருக்கும்போது சரியாக இருந்து, ரெண்டு மாசத்தில் சில இடங்களில் மட்டும் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? வட்டமாக வெட்டிய அந்தத் துணியில் சில பகுதிகள் நேர் இழையில் விழுகின்றன, சில பகுதிகள் பயாஸில் விழுகின்றன. தொங்குவது அந்த பயாஸ் பகுதிதான். முதலில் தொங்கவிட்டு, இறங்கவேண்டியது இறங்கியபிறகு அடியைச் சமமாக வெட்டி மடித்திருந்தால் இந்தப் பிரச்னை வராது.

எல்லாத் துணிக்கும் பயாஸ் ஒத்துவராது என்பதும் உண்மை. விறைப்பான துணியில் இந்த வழிவு கிடைக்காது. வியோனே தேடித்தேடி எடுத்தது க்ரேப், சாட்டின், மஸ்லின் மாதிரி நெகிழும் பட்டுகள். குறுக்கே வெட்டினால் அகலம் போதாது என்பதால், வழக்கத்தைவிட அகலமான துணிகளை நெய்து தரச் சொல்லி ஆலைகளிடம் ஆர்டர் கொடுத்தார்.

1,200 பேர்.. சாய்மானம் வைத்த நாற்காலி

1923-ல் பாரிஸின் மோன்தேன் அவென்யூவில் ஒரு மாளிகைக்கு இடம்பெயர்ந்தது வியோனேவின் நிறுவனம். உச்சக்கட்டத்தில் சுமார் 1,200 பேர் வேலை பார்த்தார்கள்.

அங்கே தையல்காரிகளுக்கு முக்காலி இல்லை. சாய்ந்து உட்கார முதுகு வைத்த நாற்காலி! தொழிலாளர்களுக்கு உணவகம், மருத்துவர், பல் மருத்துவர், பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை. பிரான்ஸில் தொழிலாளர்கள் எல்லோருக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தது 1936-ல்தான். அதற்கு முன்பே இங்கே கிடைத்தது. இதைத் தர்மம் என்று மட்டும் பார்க்க முடியாது. பயாஸ் தையல் நிதானம் கேட்கும் வேலை. வலிக்கிற முதுகோடு அதைச் செய்ய முடியாது என்பது, 11 வயதில் ஊசி பிடித்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கட்டைவிரல் ரேகை வைத்த லேபிள்

புகழ் வந்ததும் காப்பியும் வந்தது. பாரிஸ் ஃபேஷன் ஷோவைப் பார்த்துவிட்டு வெளியே போய் ஞாபகத்திலிருந்து படம் வரைந்து விற்க ஒரு கூட்டமே இருந்தது. வியோனே ஒவ்வொரு உடையையும் கண்ணாடிகளுக்கு முன் நிறுத்தி, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டிப் பதிவு செய்தார். நகலெடுத்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். உடையின் லேபிளில் தன் கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையையும் வைத்தார். ஆதார் எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு!

ஆனாலும் தோற்றத்தைத் தடுக்க முடியுமா என்ன? 1930-களில் வழவழப்பான சாட்டினில் உடம்போடு வழியும் நீள உடைதான் ஹாலிவுட்டின் அடையாளமே. 1933-ல் வெளியான டின்னர் அட் எய்ட் படத்தில் ஜீன் ஹார்லோ அணிந்த வெள்ளை உடை அந்த வகைதான். அதை வடிவமைத்தவர் ஆட்ரியன். வெட்டிய வழி, வியோனே போட்ட வழி.

கடையை மூடிய பிறகு 35 ஆண்டுகள்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரத்தில் நிறுவனத்தை நிரந்தரமாக மூடினார். அப்போது அவருக்கு வயது 63. யாருக்கும் பெயரை விற்றுவிட்டு ஒதுங்காமல், அப்படியே இழுத்து மூடினார். போருக்குப் பிறகு கிறிஸ்டியன் டியோர் 1947-ல் கொண்டுவந்த புதிய தோற்றம், இறுக்கிய இடுப்பையும் உள்கச்சையையும் மறுபடி உள்ளே அழைத்துக்கொண்டது. வியோனே உயிரோடு இருந்து அதைப் பார்த்தார்.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. வியோனேவின் வித்தை வரைபடத்தில் இல்லை, கையில் இருந்தது. கடை மூடினால் கைகள் கலைந்துவிடும். அவருடைய உடையை வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும் எப்படி வெட்டினார் என்று தெரியாது. தையலைப் பிரித்து விரித்தால் கிடைப்பது, உடைக்குக் கொஞ்சமும் சம்பந்தமே இல்லாத மாதிரித் தோன்றும் ஒரு வடிவம்.

1952-ல் அவர் ஒரு முடிவெடுத்தார். தன்னிடமிருந்த 100-க்கும் அதிகமான உடைகளையும், காப்பியடிப்பவர்களை மாட்டிவிட எடுத்த அந்த போட்டோக்கள் ஒட்டிய 75 ஆல்பங்களையும் பிரான்ஸின் உடைக்கலை அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தார். திருடர்களுக்காகப் போட்ட பூட்டு, படிக்க வந்தவர்களுக்குச் சாவி ஆனது. இன்று அவை பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

1975 மார்ச் 2-ஆம் தேதி பாரிஸில் வியோனே காலமானார். வயது 98.

அவர் போன பிறகு, அமெரிக்க உடை ஆய்வாளர் பெட்டி கிர்க் பல ஆண்டுகள் உட்கார்ந்து வியோனேவின் உடைகளை ஒவ்வொன்றாக அளந்து, வெட்டு வடிவங்களை வரைந்து புத்தகமாக்கினார். டுனீசியாவில் பிறந்த டிசைனர் அசெதின் அலாயா, ஒரே ஒரு வியோனே உடையின் வெட்டைப் புரிந்துகொள்ள நாள்கணக்கில் போராடினார். 1990-களில் ஜான் காலியானோ பயாஸ் கட் உடைகளை மறுபடி மேடையேற்றினார். இப்போது ஆன்லைனில் ஸ்லிப் டிரஸ், சாட்டின் மிடி ஸ்கர்ட் என்று வாங்கினால், விவரத்தில் பயாஸ் கட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கினால் ஹேங்கரில் மாட்டி வைக்காமல் மடித்து வையுங்கள். அருங்காட்சியகங்களிலும் அப்படித்தான். பயாஸில் தைத்த பழைய உடைகளைத் தொங்கவிடுவதில்லை, இழுப்பறைகளில் படுக்கவைத்தே பாதுகாக்கிறார்கள். தொங்கவிட்டால், 100 வயசானாலும் அந்தத் துணி இன்னும் கொஞ்சம் நீளும்.